அம்மாவின் முழங்கால் வலிக்குச் சீன மருத்துவம்: ஊசி போடலாம், கசாயம் வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. இருபது ஆண்டுகளாக நீரிழிவு. பாதத்தில் மரத்துப்போன உணர்வும் சிறுநீரகத்தில் லேசான பாதிப்பும் இருக்கின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தின் ஈரிதழ் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை இயந்திர வால்வு பொருத்தினார்கள். அதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் நீர் பிரிவதற்கான மாத்திரையும் சாப்பிட்டுவருகிறார். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டதால் மாடிப்படி இறங்கவே சிரமப்படுகிறார். தினமும் மூன்று வேளை சிவப்பு மருந்தெண்ணெய் தேய்க்கிறார். அறுவை சிகிச்சை என்றால் பயம். போன வாரம் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி தமக்குப் பழக்கமான சின்சேயிடம் (சீன வைத்தியரிடம்) அழைத்துப்போனார். அவர் நாடியையும் நாக்கையும் பார்த்துவிட்டு, முழங்காலில் பத்து முறை அக்குபங்சர் ஊசி, பாதத்தில் மூலிகைச் சூடு, முதுகில் கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சவிடும் கப்பிங், ஒரு வாரத்துக்குக் கசாயம் என்று சொல்லிப் பொட்டலமும் கொடுத்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. கசாயத்தை இன்னும் காய்ச்சவில்லை. மருந்துச் சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன். “ஆயிரம் வருஷத்து வைத்தியம், பக்க விளைவே கிடையாது” என்கிறார் அம்மா. “போதிதர்மர் காஞ்சியிலிருந்து கொண்டுபோன நம் வர்மம்தானே, தைரியமாகப் போ” என்கிறார் மாமா. “எல்லாம் மனப்பிரமை” என்கிறார் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொட்டலத்தைக் காய்ச்ச வேண்டாம். வார்ஃபரினை ஒரு வேளைகூட நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். பாதத்தில் சூடு வைப்பதும் முதுகில் கப்பிங் வைப்பதும் உங்கள் அம்மாவின் உடம்புக்கு ஆகாது. முழங்காலில் ஊசி போட்டுக்கொள்வதற்கு மட்டும், சில நிபந்தனைகளோடு, எனக்கு மறுப்பில்லை. ஒரே சின்சே ஒரே நாளில் சொன்ன நான்கு சிகிச்சைகளுக்கு நான் இப்படி வெவ்வேறு பதில் சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். உங்கள் வீட்டில் மூவரும் சீன மருத்துவத்தை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்று முழுதாக ஏற்கிறார்கள், அல்லது முழுதாகத் தள்ளுகிறார்கள். மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே உங்கள் அம்மாவின் உடல்நிலையோடு வைத்துப் பார்ப்பதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

நான் எந்தப் பக்கம் நிற்பவன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் குடும்ப மருத்துவர். அதோடு அக்குபங்சரை முறையாகப் படித்துப் பதிவும் பெற்று, பதினோரு ஆண்டுகளாக முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் ஊசி போட்டுவருகிறேன். எனவே இந்த மருத்துவத்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. ஒருவேளை கொஞ்சம் பற்றே இருக்கக்கூடும்.

சின்சே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தது நம் வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பதை உங்கள் அம்மாவுக்கு நினைவூட்டியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணக்கு வேறு. சீன முறையில் அந்த மூன்று இடங்களுக்கும் சுன், குவான், ச்சி என்று பெயர். இடக்கையில் அவை இதயத்துக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியவை, வலக்கையில் நுரையீரலுக்கும் மண்ணீரலுக்கும் மறுபடி சிறுநீரகத்துக்கும் உரியவை. நாக்கின் நிறம், அதன் மேல் படிந்திருக்கும் மாவு, ஓரத்தில் பல் பதிந்த தடம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, முதியவர்களின் மூட்டு வலியைப் பெரும்பாலும் ‘பி’ என்ற வகையில் சேர்ப்பார்கள். காற்றும் குளிரும் ஈரமும் மூட்டுக்குள் புகுந்து ஓட்டத்தை அடைத்துக்கொண்டன என்பது அதன் பொருள். அந்த நோய்க்கணிப்புக்கு அவர் எழுதிய கசாயம் மிகப் பொருத்தமானது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சீட்டை எங்கள் மருந்தகத்தின் சீன மருந்தாளரிடம் காட்டிப் படித்துக் கேட்டேன். மொத்தம் 15 சரக்குகள். தூஹோ ஜிஷெங் தாங் என்ற பெயருடைய இந்தக் கசாயம் 7ஆம் நூற்றாண்டில் தாங் அரச மரபின் காலத்தில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற மருத்துவரின் நூலில் இருக்கிறது. வயதானவர்களின் இடுப்பு, முழங்கால் வலிக்கு இன்றைக்கும் சின்சேக்கள் முதலில் எடுக்கும் கசாயங்களில் ஒன்று. கண்டதையும் அரைத்துக் கொடுத்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சுன் சிமியாவின் நோயாளி எவருக்கும் இதயத்தில் இயந்திர வால்வு இருந்ததில்லை.

அந்த வால்வின் மேல் ரத்தம் படும்போதெல்லாம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின். எத்தனை மடங்கு தாமதமாக ரத்தம் உறைகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு, ஈரிதழ் வால்வுக்குப் பதிலாக இயந்திர வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் வால்வில் ரத்தக் கட்டி தங்கி, அது தெறித்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். மேலே ஏறினால் குடலிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம். கீரையைக்கூட ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் விட்டுவிடாதீர்கள், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்று மருந்தாளர் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருப்பார். கீரைக்கே இவ்வளவு கணக்குப் பார்க்கும் மருந்தோடு 15 சரக்கைக் கொதிக்கவைத்த நீரைச் சேர்ப்பதை எண்ணிப்பாருங்கள்.

சீட்டில் தாங்குய் என்ற வேர் இருக்கிறது; சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சூப்பில் மணக்குமே, அதுதான். வார்ஃபரினால் ஐஎன்ஆர் நிலையாக இருந்த 46 வயதுப் பெண் ஒருவர் தாங்குய் மாத்திரையை நான்கு வாரம் சாப்பிட்டதும் அந்த அளவு 2.3இலிருந்து 4.9க்கு ஏறியதாக 1999இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதே சீட்டில் ஜின்செங்கும் இருக்கிறது. அது எதிர்த்திசையில் இழுக்கக்கூடியது: உங்கள் அம்மாவைப் போலவே இயந்திர வால்வோடு வார்ஃபரின் சாப்பிட்டுவந்த 47 வயது ஆண் ஒருவர் ஜின்செங் எடுக்கத் தொடங்கிய இரண்டே வாரத்தில் ஐஎன்ஆர் 3.1இலிருந்து 1.5க்கு விழுந்தது, நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. இவை தனித்தனி நோயாளிகளின் பதிவுகள்தாம், எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்பதற்குச் சான்றாகா. ஒன்று ஏற்ற, மற்றொன்று இறக்க, நடுவில் சரியாகிவிடும் என்றும் யாரும் கணக்குப் போட முடியாது. எந்த வாரத்தில் எந்தச் சரக்கின் கை ஓங்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லாததுதான் ஆபத்து.

சீன மொழியில் கான்சாவ் என்று எழுதியிருப்பது நாம் தொண்டைக் கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தின் இனம். தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது என்பதால் இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடம் புரளலாம். ஷீஷின் என்ற சிறு வேர் ஒன்றும் இருக்கிறது. அது நம் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பல செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். ஷீஷின் வேரில் அதன் அளவு மிகக் குறைவு என்றாலும், ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருப்பவருக்கு அதைக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

இந்த அமிலத்தின் கதையை விரிவாக அறிய 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடை குறைப்பதற்காக மாத்திரை வாங்கிச் சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. கடைசியில் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. தேடிப்பார்த்தபோது, ஃபாங்ஜி என்ற பெயரில் வர வேண்டிய ஒரு கொடியின் வேருக்குப் பதிலாகக் குவாங் ஃபாங்ஜி என்ற வேறொரு செடியின் வேர் வந்து கலந்திருந்தது. பெயரில் ஓர் அசை வித்தியாசம், கடையில் இரண்டும் ஃபாங்ஜிதான். உயிர் பிழைத்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் விற்கப்படுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

சிக்கலான நான்கு சரக்கையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காய்ச்சலாமே என்று நீங்கள் கேட்கலாம். மிச்சத்தில் இருக்கும் சுவான்ஷியோங் போன்றவற்றை ‘ரத்தத்தை ஓடவைப்பவை’ என்ற வகையில்தான் சீன மரபே வைத்திருக்கிறது. ஆகவே கசாயத்துக்கு என் பதில் முழுமையான மறுப்பு.

இந்த இடத்தில் உங்கள் கணவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வியட்நாம் போரில் மலேரியாவால் வீரர்கள் மடிந்துகொண்டிருந்தபோது, 1967 மே 23இல் சீன அரசு தொடங்கிய ரகசிய ஆராய்ச்சித் திட்டத்தில் தூ யோயோ என்ற பெண் விஞ்ஞானி பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். 4ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய கைமருத்துவ நூலில், காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் செடியில் ஒரு கைப்பிடி எடுத்து நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லையே என்பது அவருக்கு உறைத்தது. சூடுபடாமல் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு சாரத்தைப் பிரித்தார். 1971 அக்டோபரில் 191ஆம் மாதிரி எலிகளின் மலேரியாவை முற்றாக ஒழித்தது. ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் நோபெல் பரிசு பெற்றார். எனவே சீனச் சரக்குகளில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல, அவற்றால் கெடுதலே இல்லை என்று உங்கள் அம்மா சொல்வதும் சரியல்ல. உடம்பில் ஒரு வேலையைச் செய்யும் பொருள், வேண்டாத இடத்திலும் ஒரு வேலையைச் செய்யும்.

இனி ஊசி. பஞ்சுபோட்டுத் துடைத்த முழங்காலுக்குக் கீழே, முட்டிச்சில்லின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் அளந்து, கணைக்கால் எலும்பின் முன் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு விரல் தள்ளி அழுத்தினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். சூசான்லி என்று அதற்குப் பெயர். முழங்காலுக்கு ஊசி போடுகிறவர் எவரும் இந்த இடத்தை விடமாட்டார். ஊசியின் கனம் கால் மில்லிமீட்டர் அளவே. ரத்தம் எடுக்கும் ஊசி இதைப்போல மூன்று மடங்கு பருமன். ஒரு குழலுக்குள் வைத்து விரலால் தட்டியதும் தோலைத் தாண்டிவிடும். எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது என்பார்கள் பலர். அதன்பின் ஊசியை மெல்லத் திருகி உள்ளே செலுத்தும்போது ஒரு கட்டத்தில் நோயாளியின் முகம் மாறும். பாரமாக, மந்தமாக, பரவுகிற ஒரு வலி. சீனத்தில் தே ச்சி என்பார்கள். ‘வந்து சேர்ந்தது’ என்று நான் என் தமிழ் நோயாளிகளிடம் சொல்வது வழக்கம். ஊசியைப் பிடித்திருக்கும் என் விரலுக்கும் அது தெரியும்: தூண்டிலை மீன் இழுத்ததுபோல் சதை ஊசியைக் கவ்வும். அப்படியே இருபது முதல் முப்பது நிமிடம் படுத்திருக்க வேண்டும். பலர் தூங்கிவிடுவார்கள்.

இதனால் வலி குறைகிறதா? ஜெர்மனியில் முழங்கால் தேய்மானம் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மரபுப்படி உரிய இடங்களில் ஊசி, இன்னொரு பிரிவினருக்குத் தொடர்பில்லாத இடங்களில் மேலோட்டமாகப் பொய் ஊசி, மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். ஆறு மாத முடிவில் நல்ல பலன் கண்டவர்கள் உரிய ஊசியில் 53 விழுக்காடு, பொய் ஊசியில் 51 விழுக்காடு, வழக்கமான மருத்துவத்தில் 29 விழுக்காடு. நான் இந்த எண்களை முதன்முதலில் படித்த அன்று, மனப்பாடம் செய்த முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகளை எண்ணிச் சற்று நொந்துகொண்டேன். ஊசி போட்டால் பலருக்கு வலி குறைகிறது. ஆனால் எந்த இடத்தில் போடுகிறோம் என்பதற்கு மரபு தரும் முக்கியத்துவத்தை இந்த எண்கள் தரவில்லை. புள்ளிகளை இணைப்பதாகச் சொல்லப்படும் தடங்களை உடலை அறுத்துப் பார்த்து யாரும் கண்டதில்லை. இதே சான்றுகளை வைத்துக்கொண்டு ஜெர்மன் பொதுக் காப்புறுதி முழங்கால் வலிக்கான ஊசிக்குப் பணம் தருகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுக் கழகமோ மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சர் தர வேண்டாம் என்கிறது. வலியுள்ளவர் கேட்பது நிவாரணமா, பொய் ஊசியைவிட மெய் ஊசி எவ்வளவு மேல் என்ற கணக்கா என்பதைப் பொறுத்து இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உங்கள் அம்மாவின் நிலையில் நான் நிவாரணத்தின் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம் உண்டு. முழங்கால் வலிக்கு நாங்கள் வழக்கமாக எழுதும் இபுப்ரோஃபென், டைக்குளோஃபெனாக் வகை மாத்திரைகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. பாரசிட்டமால்கூடத் தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் ஐஎன்ஆரை ஏற்றும். கைவசம் இருக்கும் வழிகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, ரத்தத்தில் எதையும் கலக்காத மெல்லிய ஊசி எனக்குத் தீங்கு குறைந்த வழியாகவே தெரிகிறது.

இனி என் நிபந்தனைகள். இதய மருத்துவரிடம் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும். அந்த வாரத்து ஐஎன்ஆர் உரிய அளவுக்குள் இருக்க வேண்டும். ஊசி உங்கள் கண் முன்னே உறையைக் கிழித்து எடுத்ததாக, ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். மூட்டின் உள்ளறைக்குள் போகும்படி ஆழமாகக் குத்தக் கூடாது. எடுத்தபின் ஒவ்வோர் இடத்தையும் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சில சின்சேக்கள் காதிலோ மணிக்கட்டிலோ குண்டூசி முனை போன்ற சிறு ஊசியை ஒட்டி, நாலைந்து நாள் அப்படியே இருக்கட்டும் என்று அனுப்புவார்கள். அதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. தோலில் தங்கும் ஊசி வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறினால் செயற்கை வால்வில் போய்க் குடியேறும். அதிலிருந்து மீட்பது மிகக் கடினம். பத்து முறைக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். ஐந்து முறையில் மாடிப்படி இறங்குவது எளிதாகவில்லை என்றால் ஆறாவது முறையிலும் ஆகப்போவதில்லை என்பது என் அனுபவம்.

பாதத்தில் வைக்கும் சூட்டைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் ஒரு நோயாளி. நம் மாசிப்பத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையைக் காயவைத்து இடித்துப் பஞ்சாக்கி, சுருட்டுபோல உருட்டிக் கொளுத்தி, தோலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடிப்பார்கள். நல்ல வாசம், இதமான சூடு. உணர்ச்சி சரியாக இருக்கும் பாதமென்றால் சுடும்போது இழுத்துக்கொள்ளும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தவருக்கும் நீரிழிவுதான். சுண்டுவிரலுக்குக் கீழே ஐம்பது காசு அளவில் ஒரு கொப்புளம். சுட்டபோது தெரியவில்லையா என்று கேட்டேன். “ஒண்ணுமே தெரியல டாக்டர், அதனால இன்னும் கிட்டப் பிடிக்கச் சொன்னேன்” என்றார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. விரலை எடுக்க வேண்டி வராதது அவருடைய நல்ல காலம்.

கப்பிங்குக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்ட வட்டமான கருஞ்சிவப்புத் தழும்புகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்; தோலுக்கடியில் நுண்குழாய்கள் உடைந்து கசிந்த ரத்தம் அது. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில் உறிஞ்சல் என்று இதற்கு ஓர் உறவுக்காரர் உண்டு. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அந்தக் கசிவு எளிதில் நிற்காது. கரண்டி போன்ற தகட்டால் முதுகைச் சுரண்டும் குவா ஷா முறைக்கும் இதே பதில். தூயினா என்ற பிடித்துவிடும் முறை, நம் தொக்கணத்தைப் போன்றது, தொடையில் மென்மையாகச் செய்தால் தவறில்லை. முட்டியால் அழுத்தி நெரிப்பவர்களிடம் வேண்டாம்.

நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்தச் சிவப்பு எண்ணெய்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. அந்த வகை எண்ணெய்களில் மூக்கைத் துளைக்கும் வாசம் பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட்டுடையது. ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டியதாக ஹாங்காங் மருத்துவர்கள் 1990லேயே எழுதியிருக்கிறார்கள். எப்போதாவது ஒரு துளி என்றால் பரவாயில்லை. இரண்டு முழங்காலுக்கும் தினமும் மூன்று வேளை என்பது மருந்து சாப்பிடுவதற்குச் சமம். இத்தனை நாள் தேய்த்ததைத் திடீரென நிறுத்தினாலும் ஐஎன்ஆர் மாறலாம் என்பதால், நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சின்சே சொல்லாத ஒரு சீன முறையை நான் சொல்கிறேன்: மெதுவாக அசைந்து செய்யும் தாய்ச்சி உடற்பயிற்சி. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கல்லூரி தன் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபங்சரை அரைமனத்தோடும் தாய்ச்சியை முழுமனத்தோடும் பரிந்துரைத்தது. 204 பேரை வைத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி, பிசியோதெரபியின் அளவுக்கே வலியைக் குறைத்தது. முழங்காலை மெல்ல மடக்கி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும்போது தொடைத் தசை வலுப்பட்டு மூட்டின் சுமையை வாங்கிக்கொள்கிறது. விழுந்துவிடாமல் நிற்கும் நிதானமும் கூடுகிறது. வார்ஃபரின் சாப்பிடுபவர் விழாமலிருப்பது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. சமூக மன்றங்களிலும் புளோக்குக்குக் கீழேயும் காலையில் நடக்கிறதே, அங்கே உங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு சேர்ந்தே போகலாம். பாதம் மரத்திருப்பதால் வெறுங்காலோடு வேண்டாம், பொருத்தமான காலணி போட்டுக்கொள்ளட்டும். முதல் மாதம் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. போதிதர்மர் சீனா போனதாகச் சொல்லப்படும் காலம் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயியில் 1973இல் தோண்டிய கல்லறையிலிருந்து கிடைத்த பட்டுச் சுவடிகளில் உடலின் 11 தடங்களும் அவற்றில் சூடு வைக்கும் முறையும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். ஊசியைப் பற்றி அந்தச் சுவடிகளில் பேச்சில்லை, அது அதற்குப் பிறகு வளர்ந்தது. ஆனாலும் போதிதர்மருக்குப் பல நூற்றாண்டு முன்பே அதுவும் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போனதாகச் சான்றோடு சொல்லக்கூடியது கண்புரையை ஊசியால் விலக்கும் கலை. தாங் காலத்துக் கவிஞர் லியூ யூஷி ஓர் இந்தியக் கண் மருத்துவத் துறவிக்குக் கவிதையே எழுதியிருக்கிறார். நம் மிளகும் கடல்வழி போய் அவர்களுடைய மருந்துப் பெட்டியில் இடம்பிடித்தது. ஒரு சரக்கு எங்கிருந்து வந்திருந்தாலும், வார்ஃபரினோடு சேர்ந்தால் என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும்.

சின்சேயைப் பற்றிக் கடைசியாக. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்களும் அக்குபங்சர் செய்பவர்களும் பதிவு பெற்றாக வேண்டும். அவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அவரிடமே திரும்பிப் போகலாம். அவர் மருந்துகளைப் பற்றிக் கேட்காதது தவறு, ஆனால் அம்மா சொல்லாததும் தவறுதான். பதிவு பெற்ற சின்சேக்களில் பெரும்பாலோர் வார்ஃபரின் என்ற பெயரைக் கேட்டதுமே கசாயத்தைத் தாமாகவே எடுத்துவிடுவார்கள். மொழிச் சிக்கல் இருக்கும் என்றால், ‘செயற்கை இதய வால்வு, வார்ஃபரின், நீரிழிவு, பாதத்தில் உணர்ச்சி இல்லை’ என்ற நான்கையும் ஒரு சிறு அட்டையில் சீனத்தில் எழுதித் தரும்படி பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் கேளுங்கள்; அம்மாவின் பணப்பையில் அது எப்போதும் இருக்கட்டும். கசாயத்துக்குப் பதிலாக உருண்டையோ மாத்திரையோ யாராவது கொடுத்து ஒரே நாளில் வலி பறந்துவிட்டால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகை என்று சொல்லி விற்ற வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது உங்கள் அம்மாவின் சர்க்கரையை இரண்டே நாளில் ஏற்றிவிடும்.

பலதுறை மருந்தகத்தில் அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனைக்குப் போகும்போது, காய்ச்சாத பொட்டலத்தையும் சீட்டையும் அந்த எண்ணெய்ப் புட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று, வார்ஃபரின் பார்க்கும் மருந்தாளரின் மேசையில் வையுங்கள்.